கஞ்சா வளர்த்த வீட்டை வாங்கித் திருத்தி விற்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தனிவீடு 8 இலட்சம் டொலருக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. அயலில் உள்ள வீடுகளைவிட விலை நல்லாய்க் குறைவு. காரணம், முன்பு அதற்குள் கஞ்சா வளர்த்திருக்கிறார்கள். "இப்ப கஞ்சா சட்டப்படி சரிதானே, பெயின்ற் அடிச்சு ஆறு மாசத்தில வித்திடலாம்" என்கிறார் ஏஜென்ற். நீங்களும் மச்சானும் காசு போடுகிறீர்கள், இதுதான் முதல் முயற்சி. கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: தன் வீட்டுக்குள் ஒருவர் எதை வளர்த்தார், எதைப் புகைத்தார் என்பது அவருடைய சுதந்திரம் இல்லையா, அதற்காக அந்த வீட்டை ஏன் எல்லாரும் ஒதுக்கிவைக்க வேண்டும்?

முதல் கேள்விக்கு என் பதில், வாங்காதீர்கள். முதல் வீடாக வாங்கவே வாங்காதீர்கள். இரண்டாவது கேள்விக்கு, ஆம், நியாயமான அளவுக்குள் நின்றால் அது அவருடைய சுதந்திரம்தான். இரண்டு பதிலும் ஒன்றையொன்று வெட்டுவதாக உங்களுக்குத் தோன்றலாம். தோன்றுவதற்குக் காரணம் அந்த ஏஜென்ற் இரண்டு விஷயத்தையும் ஒன்றாகக் குழைத்துச் சொன்னதுதான். சட்டம் 2018 ஒக்ரோபர் 17ஆம் திகதி மாறியது. கூரைப் பலகையில் ஏறிய ஈரத்துக்கு அந்தத் திகதி தெரியாது.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நான் வீடு திருத்தும் வேலையில் இருப்பவன், அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

கஞ்சாச் செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியாகக் காற்றுக்குத்தான் போகும். யன்னலோரம் நாலு செடி நின்றால் அந்த ஈரம் ஒரு பொருட்டே இல்லை, வீட்டில் சோறு அவிப்பதாலும் குளிப்பதாலும் வருவதைவிட அதிகமில்லை. நிலக்கீழ் அறையான பேஸ்மென்ற் முழுக்க நூறு இருநூறு செடி நின்றால் கதை வேறு. ஆயிரம் வாற் விளக்குகள் வரிசையாக எரியும், அறை எந்நேரமும் வெப்பமாகவும் ஈரமாகவும் இருக்கும், மணம் வெளியே போகக்கூடாது என்பதற்காக யன்னலையும் மூடி ஒட்டிவிடுவார்கள். அந்தக் காற்றை எங்காவது தள்ளத்தானே வேண்டும்? சிலர் புகைபோக்கி வழியாகத் தள்ளுவார்கள். பெரும்பாலானோர் மேல்மாடிக் கூரையைத் துளைத்து, குழாய் போட்டு, கூரைமுகட்டுக்குள், அதாவது அற்றிக்குக்குள் தள்ளிவிடுவார்கள். ஜனவரி மாதம் வெளியே உறைகுளிர். உள்ளே சூடான ஈரக்காற்று. அந்தக் காற்று குளிர்ந்த கூரைப் பலகையில் பட்டதும் தண்ணீராகிவிடும். இரவிரவாக, மாதக்கணக்காக. பலகை கறுத்து, பூஞ்சணம் பிடித்து, கடைசியில் கையால் அழுத்தினால் உள்ளே போகும் நிலைக்கு வந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் கூரை ஓடு அழகாகத்தான் இருக்கும்.

சுவரிலும் இதுவே நடக்கும். ட்றைவோல் என்பது இரண்டு காகிதத்துக்கு நடுவே ஜிப்சம், பூஞ்சணத்துக்கு அந்தக் காகிதம் நல்ல தீனி. முன்பக்கம் வெளிறல் திரவம் பூசி, அதன்மேல் பெயின்ற் அடித்தால் ஒரு கோடைகாலம் தாங்கும். பின்பக்கத்தில் வளர்வது வளர்ந்துகொண்டே இருக்கும். வாங்கியவர்கள் மழைக்காலத்தில் பிள்ளைக்கு ஏன் இருமல் நிற்கவில்லை என்று டொக்டரிடம் ஓடுவார்கள்.

மின்சாரம் இன்னும் ஆபத்தானது. களவாக வளர்த்த காலத்தில் பலர் மீற்றருக்கு முன்னாலேயே அத்திவாரச் சுவரைத் துளைத்து நேரடியாகக் கம்பி இழுத்தார்கள். மின்கட்டணம் ஏறினால் பொலிஸுக்குச் சந்தேகம் வரும் என்பதுதான் காரணம். அந்தத் துளையை ஒருவர் சீமெந்தால் அடைத்துவிட்டுப் போயிருப்பார். உள்ளே சுவருக்குப் பின்னால் சூடேறிக் கருகிய கம்பி அப்படியே கிடக்கும். செடி விரைவாக வளர கரியமிலவாயு வேண்டும் என்று, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாயைக் கழற்றி அறைக்குள் திருப்பிவிட்ட வீடுகளும் உண்டு. அதைத் திரும்பச் சரியாகப் பூட்டாவிட்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். குழாய் போக வழி வேண்டும் என்று பாரம் தாங்கும் மரச்சட்டத்தையே அரிந்துவிட்டிருப்பதும் உண்டு.

இவற்றைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். ட்றைவோலை மரச்சட்டம் தெரியும்வரை உரிக்க வேண்டும். அற்றிக்கில் உள்ள குளிர்காப்புப் பஞ்சை முழுதாக உறிஞ்சி எடுத்து, பழுதான கூரைப் பலகையை மாற்ற வேண்டும். மிச்ச மரத்தைத் தேய்த்து, நுண்துகள் பிடிக்கும் உறிஞ்சியால் சுத்தம் செய்து, மணத்தையும் கறையையும் அடைக்கும் பிரைமர் பூச வேண்டும். வயரிங்கை உரிமம் பெற்ற எலெக்ற்றீஷியன் திறந்து பார்த்து, ஒன்ராறியோவின் மின் பாதுகாப்பு ஆணையத்திடம் அனுமதி எடுத்து, பரிசோதனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். கடைசியில், வேலை செய்தவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மூன்றாம் ஆள் காற்று மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவையும் செய்தால் அது நல்ல வீடுதான், பழைய வீடுகள் பலதைவிட நல்ல வீடு என்றுகூடச் சொல்வேன். ஆனால் "பெயின்ற் அடிச்சு ஆறு மாசம்" என்ற கணக்குக்குள் இது வராது.

இனிச் சட்டம். கஞ்சாச் சட்டத்தின்படி வளர்ந்தவர்கள் வீட்டில் நாலு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. கியூபெக்கில் அதுவும் கூடாது. மாகாணத்தின் அந்தத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நாலு செடி வளர்த்த வீட்டைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. நான் சொன்ன பழுதெல்லாம் இரண்டு வகை வீடுகளில்தான். ஒன்று, சட்டம் மாறுவதற்கு முன்பு களவாக வளர்த்தவை. 2000களின் தொடக்கத்தில் ரொறன்ரோவைச் சுற்றிய புறநகர்களில் இது பெருந்தொழிலாக நடந்தது. 2004 ஜனவரியில் பரி நகரில், நெடுஞ்சாலை 400 ஓரத்தில் இருந்த பழைய பியர் தொழிற்சாலைக்குள் பல்லாயிரம் செடிகளைப் பொலிஸ் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே ஒன்ராறியோ ஒரு சட்டம் கொண்டுவந்தது: கஞ்சா வளர்த்த கட்டடம் பற்றிப் பொலிஸ் நகரசபைக்கு அறிவித்தால், நகரசபை அதைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வகையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மருத்துவத் தேவைக்காகத் தாங்களே வளர்க்க, மத்திய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவிடம் பதிவு செய்தவர்களுக்கு நாலு செடிக் கட்டுப்பாடு கிடையாது. டொக்டர் எழுதும் நாளாந்த அளவைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும். வீட்டுக்குள் வளர்ப்பதென்றால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 5 செடி. ஒரே முகவரியில் நாலு பதிவு வரை இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முழுக்க முழுக்கச் சட்டப்படியே ஒரு வீட்டில் நூற்றுக்கணக்கான செடி நிற்கலாம். பொலிஸ் வந்திருக்காது, நகரசபைக்கு அறிவித்தல் போயிருக்காது, அந்த முகவரிகளின் பட்டியலும் பொதுமக்களுக்குக் கிடையாது.

இங்கேதான் உங்கள் ஒப்பந்தத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் வீடு விற்கும்போது பலர் சேர்க்கும் ஒரு வழக்கமான வாசகம் உண்டு: தான் சொந்தக்காரராக இருந்த காலத்தில் சட்டவிரோதப் பொருள் எதுவும் இங்கே வளர்க்கப்படவோ தயாரிக்கப்படவோ இல்லை என்று விற்பவர் உறுதி தருவார். பதிவு செய்து 200 செடி வளர்த்தவர் நெஞ்சில் கைவைத்து அதில் கையெழுத்துப் போடலாம், அவர் சொல்வது பொய்யே இல்லை. ஆகவே உங்கள் லோயரிடம் சொல்லி, சட்டப்படியோ சட்டத்துக்குப் புறம்பாகவோ நாலு செடிக்கு மேல் எந்தக் காலத்திலாவது வளர்க்கப்பட்டதா என்று நேரடியாகக் கேட்கும் வாசகத்தைப் போடச் சொல்லுங்கள். வங்கி பறிமுதல் செய்து விற்கும் வீடாக இருந்தால், அதாவது பவர் ஒஃப் சேல் என்றால், எந்த உறுதியும் கிடைக்காது. இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள் என்பார்கள். கஞ்சா வளர்த்த வீடுகள் பல அந்த வழியாகத்தான் சந்தைக்கு வருகின்றன.

இப்போது காசு. ஆறு மாதம் என்று ஏஜென்ற் சொன்னதையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுகிறேன். வீடு 8 இலட்சம். ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்துக்குள் இருப்பதால் வீடு வாங்கும்போது கட்டும் லாண்ட் ட்ரான்ஸ்பர் ராக்ஸ் மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என இரண்டு முறை: 12,475 டொலர், அதே தொகை இன்னொரு தடவை, மொத்தம் 24,950. முன்பு கஞ்சா வளர்த்த வீடு என்று தெரிந்தால் பெரிய வங்கிகள் தயங்கும், திருத்தி முடித்த சான்றிதழ்களைக் கேட்கும். ஆகவே தனியார் கடன். 6,40,000 டொலருக்கு 10 வீத வட்டி என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 32,000, கடன் எடுத்துத் தரும் கட்டணம் 2 வீதம் என்றால் 12,800. சொத்து வரி, ஆளில்லாத வீட்டுக்கான காப்புறுதி, வெப்பம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 8,000. இரண்டு பக்க லோயர் செலவு 5,000. உரித்துத் திருத்தும் வேலைக்கு 1,50,000 என்று தாராளமில்லாமல்தான் வைக்கிறேன். 11 இலட்சத்துக்கு விற்றால் 5 வீதக் கமிஷனும் அதற்கான எச்எஸ்ரி என்ற விற்பனை வரியும் 62,150. எல்லாவற்றையும் கூட்டினால் 10,94,900. கையில் நிற்பது 5,100 டொலர், அதையும் மச்சானோடு பிரிக்க வேண்டும். நகர அனுமதி மூன்று மாதம் பிந்தினால் வட்டி மட்டும் இன்னும் 16,000. அப்போது நட்டம்.

பொறுங்கள், இன்னும் வரி வரவில்லை. 2023 ஜனவரி 1 முதல், வாங்கி 365 நாளுக்குள் வீட்டை விற்றால் வரும் இலாபம் முழுவதும் தொழில் வருமானம். மூலதன இலாபத்துக்குக் கிடைக்கும் 'பாதிக்கு மட்டும் வரி' என்ற கணக்கும் இல்லை, குடியிருந்த வீடு என்ற விலக்கும் இல்லை. மரணம், பிரிவு, வேலை மாற்றம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. "ஒரு வருசம் இருந்திட்டு வித்தா வரியே இல்லை" என்று கலியாண வீடுகளில் சொல்வார்கள். அதையும் நம்ப வேண்டாம். விற்கும் நோக்கத்தோடு வாங்கினீர்கள் என்று வருமான வரித் துறை கண்டால், ஒரு வருடம் கடந்தாலும் அது தொழில்தான்.

நீங்கள் கேட்காத ஒரு வரிதான் இந்த வீட்டில் உங்களைக் கவிழ்க்கக்கூடியது. பழைய வீட்டை விற்றால் பொதுவாக எச்எஸ்ரி இல்லை. ஆனால் தொழிலாகச் செய்பவர் ஒரு வீட்டின் உட்பகுதியில் 90 வீதம் அளவுக்கு அகற்றியோ மாற்றியோ திருத்தினால், வரிக்கணக்கில் அது புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் சமம். விற்கும் விலைக்கு எச்எஸ்ரி வரும். பெயின்ற், தரை, குசினி மட்டும் மாற்றுபவர்கள் அந்த எல்லையைத் தொட மாட்டார்கள். கஞ்சா வீட்டை ஒழுங்காகத் திருத்துபவர் மரச்சட்டம்வரை உரிக்கிறார், அதனால் நேராக அந்த எல்லைக்குள் போய் விழுகிறார். 11 இலட்சம் விலைக்குள் அடங்கிய எச்எஸ்ரி 1,26,500 டொலருக்குக் கிட்ட. திருத்த வேலையிலும் கமிஷனிலும் நீங்கள் கட்டிய எச்எஸ்ரியைக் கழித்தாலும் ஒரு இலட்சத்தைச் சுற்றி நிற்கும். வாங்குபவர் குடியிருக்க வந்தால் சில கழிவுகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி 8 இலட்சத்தில் இறங்க முடியாது. வாய்ப்புத் தருகிறேன் என்று வரும் ஏஜென்ற் யாராவது இதைச் சொன்னாரா? ஒரு கணக்காளரிடம் ஒரு மணிநேரம் இருந்து இதை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

இந்த அமைப்பில் எனக்கு மனம் நோகும் இடம் இதுதான். நேர்மையாக உரித்துத் திருத்துபவருக்குச் செலவும் கூட, வரியும் கூட. பூஞ்சணத்துக்கு மேல் பெயின்ற் அடிப்பவருக்கு இரண்டும் குறைவு. நீங்கள் கெட்டவர் இல்லை, ஆனால் ஐந்தாவது மாதத்தில் தனியார் கடன்காரர் வட்டிக்கு அழைக்கும்போது, "அற்றிக்கைத் திறக்க வேண்டாம், மேலால பூசு" என்று சொல்லும் நெருக்கடி உங்களுக்கு வரும். அந்த நெருக்கடிக்குள் முதல் முயற்சியிலேயே போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சரி, சுதந்திரம் பற்றிய உங்கள் கேள்வி. அதை நான் வெறும் விவாதமாக எடுக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு மனிதர் செய்வதில் அரசு எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பது நம்மைப் போல், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் சீருடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நன்றாக விளங்கும் கேள்வி.

இந்த வாதத்தில் வீட்டுக்கு ஒரு தனி இடம் எப்போதும் இருந்திருக்கிறது. 1975இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் ராவின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கஞ்சா புகைக்க யாருக்கும் அடிப்படை உரிமை இருக்கிறது என்று அது சொல்லவில்லை. வீட்டின் அந்தரங்கத்துக்கு உரிமை இருக்கிறது, அலாஸ்கா மக்கள் 1972இல் அதைத் தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதினார்கள், ஆகவே வளர்ந்த ஒருவர் தன் வீட்டில் தன் தேவைக்குச் சிறிதளவு வைத்திருப்பதில் தலையிட அரசு போதிய காரணம் காட்ட வேண்டும், காட்டவில்லை என்றது. தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 செப்ரெம்பரில் இதே அந்தரங்க உரிமையின் வழியில் போய், வளர்ந்தவர்கள் தனிமையில் பயன்படுத்துவதையும் வளர்ப்பதையும் குற்றமாக்கும் சட்டம் செல்லாது என்றது.

கனடா வேறு வழியில் போனது. 1923இல் கஞ்சா தடைசெய்யப்பட்டது. 1972இல் லு டெயின் ஆணைக்குழு, தன்னிடம் வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தும் அரசு கேட்கவில்லை. 2000இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், வலிப்பு நோய்க்குக் கஞ்சா பயன்படுத்திய ஒருவரின் வழக்கில், மருத்துவ விலக்கு இல்லாத தடை செல்லாது என்றது. ஆனால் 2003இல் மல்மோ-லெவின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, பிறருக்குத் தீங்கு இல்லாத செயலைக் குற்றமாக்கக்கூடாது என்ற கொள்கையை அரசியலமைப்புக் கொள்கையாக ஏற்கப் பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்தார்கள். வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்றார்கள். பதினைந்து ஆண்டு கழித்து நாடாளுமன்றம் மாற்றியது. ஆகவே கனடாவில் உங்கள் வீட்டில் நிற்கும் நாலு செடி, நீதிமன்றம் அறிவித்த உரிமையால் நிற்கவில்லை, ஒரு சட்டம் தந்த அனுமதியால் நிற்கிறது. அனுமதி என்றால் எண்ணிக்கையும் நிபந்தனையும் அதோடு வரும்.

அந்த நிபந்தனை எல்லாருக்கும் ஒரே பாரமும் இல்லை. நாலுக்கு மேல் வளர்த்து அது குற்றவியல் வழக்காகப் போனால் உச்சத் தண்டனை 14 ஆண்டு. குடிவரவுச் சட்டத்தில், 10 ஆண்டோ அதற்கு மேலோ உச்சத் தண்டனை உள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் அது பாரதூரமான குற்றம். குடியுரிமை உள்ளவருக்கு அபராதத்தோடு முடியக்கூடிய விஷயம், நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளவரை நாட்டை விட்டே வெளியேற்றும் வழக்காக மாறலாம். நீங்கள் இன்னும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாங்கும் வீட்டில் யாரையாவது இருத்தினால், அவர் பேஸ்மென்றில் என்ன செய்கிறார் என்பதை உங்கள் சொந்த விஷயமாகவே பாருங்கள்.

கடும் போதைப்பொருட்கள் வேறு கதை, அதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். போர்த்துக்கல் 2001இல், பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது, ஆனால் பிடிபட்டவரைச் சமூகசேவையாளரும் மருத்துவரும் இருக்கும் குழுவின் முன் நிறுத்தியது, சிகிச்சைக்கான ஏற்பாட்டையும் கூடவே கட்டியது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2021 பெப்ரவரியில் 100 டொலர் அபராதச் சீட்டோடு நிறுத்திக்கொண்டது, சிகிச்சை ஏற்பாடு பின்தங்கியது, 2024 செப்ரெம்பரில் திரும்பவும் குற்றமாக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா 2023 ஜனவரி 31 முதல் 2.5 கிராம் வரை விட்டது. வைத்தியசாலைகளிலும் பூங்காக்களிலும் புகைப்பதைப் பற்றி மக்கள் கொதித்தெழ, 2024 மே மாதம் பொது இடங்களுக்கு அந்த விலக்கு எடுக்கப்பட்டு, தனிவீடு போன்ற இடங்களுக்கு மட்டும் எஞ்சியது, அதுவும் 2026 ஜனவரியோடு முடிந்தது. அங்கும் 2024இல் எல்லைக்கோடு வீட்டு வாசலில்தான் விழுந்தது. ஒளிந்து தனியே பயன்படுத்தும்போதுதான் அளவு மீறிய மரணம் அதிகம் நடக்கிறது என்பதால், வாசலை எல்லையாக்குவது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் அதே மாகாணம் காட்டுகிறது. 2016 ஏப்ரலில் அவசரநிலை அறிவித்த இடம் அது. 2023இல் மட்டும் 2,500க்கு மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள்.

என் நிலைப்பாடு இது. தன் உடம்புக்கும் தன் வீட்டுக்கும் ஒருவர் அரசன் என்பதை நான் நம்புகிறேன். ஒரு செடிக்காக ஆட்களைச் சிறையில் போட்ட 95 ஆண்டுகள் வீணான கொடுமை. ஆனால் வீடு என்பது கைமாறும் பொருள். நான் என் நுரையீரலை யாருக்கும் விற்பதில்லை, என் கூரையை விற்கிறேன். வாங்குபவர் தெரிந்துகொண்டு, விலை பேசி, சம்மதித்து வாங்கினால் அவருடைய சுதந்திரமும் காப்பாற்றப்படுகிறது. மறைத்து விற்றால், முன்பு வளர்த்தவர் யாரிடமும் பறிக்காத ஒன்றை அதைப் பூசி மறைத்தவர் பறிக்கிறார். சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறது: கண்ணுக்குத் தெரியும் குறையை வாங்குபவர்தான் பார்க்க வேண்டும், ஆனால் வீட்டை ஆபத்தானதாகவோ வாழத் தகாததாகவோ ஆக்கும் மறைந்த குறையைத் தெரிந்திருந்தும் சொல்லாமல் விற்றால் வழக்கு உங்கள்மேல் வரும். வீடு கைமாறிய பிறகும் வரும்.

வீட்டை ஒதுக்கிவைப்பது பற்றிய உங்கள் ஆதங்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதற்கு நியூசிலாந்தைச் சொல்ல வேண்டும். மெத் என்ற போதைப்பொருளைப் புகைத்த வீடுகளில் சுவரில் படியும் துகள் ஆபத்து என்ற பயம் அங்கே பரவியது. மிகச் சிறிய அளவைக்கூட மாசு என்று கொண்டு, அரசின் வீட்டு வாரியம் ஏழைக் குடும்பங்களை வெளியேற்றியது, 10 கோடி நியூசிலாந்து டொலருக்குக் குறையாமல் சோதிப்பதிலும் சுத்தம் செய்வதிலும் கொட்டியது. 2018 மே மாதம் பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் பீற்றர் குளுக்மன் அறிக்கை கொடுத்தார். யாரோ முன்பு புகைத்த வீட்டில் வாழ்ந்ததால் ஒருவர் நோயுற்றார் என்பதற்கு ஆதாரம் இல்லை, 100 சதுர சென்ரிமீற்றருக்கு 1.5 மைக்ரோகிராம் என்ற எல்லைக்குப் பதிலாக 15 மைக்ரோகிராம் போதும் என்றார். வாரியம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்தது. போதைப்பொருள் என்ற பெயரைக் கேட்டதும் அளக்காமல் தீர்ப்பெழுதினால் இதுதான் நடக்கும். கஞ்சா வீட்டையும் பெயரை வைத்து வெறுக்க வேண்டாம், பெயரை வைத்து மன்னிக்கவும் வேண்டாம். ஈரமானியை எடுத்து அளக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வீட்டில் உங்கள் மனம் நின்றால், இந்தக் கிழமை செய்யக்கூடியவை இவை. நிபந்தனை இல்லாத ஒஃபர் போடாதீர்கள், போட்டி இருக்கிறது என்று ஏஜென்ற் அவசரப்படுத்தினாலும். குறைந்தது பத்து வேலைநாள் கேளுங்கள். சாதாரண வீட்டு இன்ஸ்பெக்ரர் சுவரைத் திறக்க மாட்டார், ஆகவே பூஞ்சணம் பார்ப்பவரைத் தனியாகவும் எலெக்ற்றீஷியனைத் தனியாகவும் கூட்டிப் போங்கள். அற்றிக்குக்குள் ஏறிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கூரைப் பலகையில் ஒரு பகுதி மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பேஸ்மென்றில் மீற்றருக்குப் பக்கத்து அத்திவாரச் சுவரில் வட்டமான சீமெந்துத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நகரசபையில் அந்த முகவரிக்கான கட்டட அனுமதிகளையும் நிலுவையில் உள்ள உத்தரவுகளையும் லோயர் மூலம் எடுங்கள். காப்புறுதிக்காரரிடம் வீட்டின் பழைய கதையைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். சொல்லாமல் எடுத்த காப்புறுதி தீப்பிடித்த அன்று உதவாது.

மச்சானோடு இன்றே ஒரு காகிதம் எழுதுங்கள்: யார் எவ்வளவு, வட்டி கூடினால் யார் போடுவது, நட்டம் வந்தால் எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலக விரும்பினால் என்ன. சீட்டுக் காசையும் அக்காவின் நகையையும் வாய்ப்பேச்சில் வாங்கிப் போடாதீர்கள். 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பகுதியின் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டி நின்றபோது அப்படித்தான் பல குடும்பங்கள் இறங்கின. மத்திய வங்கியின் வட்டி 0.25 வீதத்திலிருந்து 2023 ஜூலையில் 5 வீதத்துக்குப் போனதும், விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அண்ணன் தம்பி கதையாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

முதல் முயற்சிக்கு நான் சொல்வது, கூரையும் வயரிங்கும் அத்திவாரமும் நல்லாய் இருந்து, குசினியும் குளியலறையும் மட்டும் பழசான வீடு. இலாபம் குறைவாகத் தெரியும், ஆனால் எங்கே செலவாகும் என்று முன்கூட்டியே எண்ணலாம். ஸ்காபரோவில் அறுபதுகளில் கட்டிய செங்கல் பங்களோக்கள், ஒரே குடும்பம் நெடுங்காலம் இருந்தவை, இப்போதும் விற்பனைக்கு வருகின்றன. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விபரத்தை எழுதுங்கள், கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.